நோடெல் என்னும் ஊரும் திரைநேரம் என்னும் சொல்லும்

முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளியில் வெளிவந்த இரண்டு ஆங்கில நூல்களை ஒருசேர எடுத்து வைத்துக்கொண்டு இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். ஒன்று, அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஆங்சியஸ் ஜெனரேஷன்'. பதற்றத்திற்கு ஆளான தலைமுறை என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மற்றது, கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டானிஸ் மக்பெத் வில்லியம்ஸ் என்னும் அம்மையார் தொகுத்து 1986இல் வெளிவந்த 'தி இம்பாக்ட் ஆஃப் டெலிவிஷன்'. தொலைக்காட்சியின் தாக்கம் என்பது அதன் பொருள். முன்னது உலகெங்கும் பேசப்படுகின்றது. பதினாறு வயது நிரம்பாதோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் ஆஸ்திரேலியாவில் 2024இன் இறுதியில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்ததே, அதனைச் சூழ்ந்த விவாதங்களிலும் இந்நூலின் பெயர் அடிபட்டது. பின்னதையோ ஆய்வாளர் சிலரையன்றி இன்று எவரும் தேடிப் படிப்பதாகத் தோன்றவில்லை. இரண்டையும் படித்து முடித்தபோது, மறக்கப்பட்ட நூலே நமக்கு மிகுதியும் கற்பித்தது. காரணத்தைச் சொல்வது நம் கடமை.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழில் 'திரை' என்பது கடலலைக்கும் பெயர். மூப்பினால் தோலில் விழும் சுருக்கத்திற்கும் பெயர். இடையிலே தொங்கவிட்டு ஒன்றை மறைக்கும் துணிக்கும் பெயர். இந்த மூன்றாம் பொருளிலிருந்தே இன்றைய 'திரை' பிறந்தது. அரபு மொழியில் இதனை 'ஷாஷா' என்கின்றனர். 'ஷாஷ்' என்பது மெல்லிய துணி. ஆங்கிலச் சொல்லும் முற்காலத்தில் அடுப்பின் அனல் முகத்தில் படாதபடி நிறுத்தி வைக்கும் தட்டியையே குறித்தது. ஆக, மும்மொழியாரும் மறைப்பதற்கு இட்ட பெயரையே காட்டுவதற்கும் இட்டிருக்கின்றனர். ஒன்றைக் காட்டும் பொருள் அதன் பின்னால் எதை மறைக்கின்றது என்ற வினா இச்சொல்லுக்குள்ளேயே கிடக்கின்றது. ஹைட் அவர்களின் நூல் இவ்வினாவைத் தொட்டும் தொடாமலும் செல்கின்றது. வில்லியம்ஸ் அம்மையாரின் நூல் இதனைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

ஹைட் கூறுவதை நேர்மையாகச் சுருக்கிச் சொல்வோம். பிள்ளைகள் தெருவிலும் திடலிலும் பெரியவர் கண்காணிப்பின்றி விளையாடி வளர்ந்த காலம் கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே அமெரிக்காவில் தேயத் தொடங்கிற்று; அச்சம் மிகுந்த பெற்றோர் அவர்களை வீட்டுக்குள் இருத்தினர். பின்னர் 2010 முதல் 2015 வரையிலான ஐந்தாண்டுகளில் திறன்பேசி அவர்தம் கைக்கு வந்தது; 2010இல் அதன் முகப்பிலே ஒளிப்படக்கருவி பொருத்தப்பட்டது; 2012இல் இன்ஸ்டாகிராமைப் பேஸ்புக் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. மெய்யுலகில் அளவுக்கு மீறிய காவலும், திரையுலகில் காவலே இன்மையும் என அவர் இதனைச் சுருக்குகின்றார். இதனால் விளைந்த தீங்குகள் நான்கு என்பது அவர் கணக்கு: தோழமை இழப்பு, உறக்க இழப்பு, கவனச் சிதறல், அடிமைப் பழக்கம். பரிகாரங்களும் நான்கு. உயர்நிலைப் பள்ளியை எட்டும்வரை திறன்பேசி கூடாது. பதினாறு வயதுவரை சமூக ஊடகம் கூடாது. பள்ளியில் கைப்பேசி அறவே கூடாது. பிள்ளைகளைத் தாமே விளையாடித் திரிய விடவேண்டும்.

நூல் நன்கு எழுதப்பட்டிருக்கின்றது. தம் மகளைச் செவ்வாய்க் கோளுக்கு அனுப்ப இசைவீர்களா என்று பெற்றோரிடம் கேட்பதுபோல் அவர் தொடங்கும் பாங்கு, வழக்கை வென்று பழகிய வழக்கறிஞரின் பாங்கு. வழக்கறிஞரின் குறையும் அதனோடு சேர்ந்தே வருகின்றது. அமெரிக்க இளையோரிடையே மனச்சோர்வு ஏறுமுகமாயிற்று என்று வரைபடத்தின்மேல் வரைபடமாக அடுக்குகின்றார். கைப்பேசி பரவிய ஆண்டுகளை அவற்றின்மீது பொருத்திக் காட்டுகின்றார். இதனை ஏற்காதவர் உளர். கலிஃபோர்னியாவைச் சார்ந்த உளவியலாளர் கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் அம்மையார் 2024 மார்ச்சு மாதத்தில் 'நேச்சர்' இதழில் எழுதிய மதிப்புரையில், இரண்டு ஒருங்கே நிகழ்ந்தன என்பதனால் ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது என்று மறுத்தார். முன்னமே துயருற்ற பிள்ளைகள் திரையை மிகுதியாக நாடுதலும் கூடுமன்றோ? அவருக்கு முன்பே, 2019இல், ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்னும் இருவர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திரட்டிய மூன்று பெருந்தொகுப்புகளிலிருந்து 3,55,358 இளையோரின் விடைகளை ஆராய்ந்து, அவர்தம் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் மிகுதியாகப் போனால் 0.4 விழுக்காடே திரைப் பழக்கத்தோடு தொடர்புடையது என்றனர். உருளைக்கிழங்கு உண்பதோடு அதனை ஒப்பிட்டு நகையாடியும் இருந்தனர். எல்லாத் திரையையும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பானையில் இட்டுக் கலக்கினால் சிறுமியருக்குச் சமூக ஊடகம் செய்யும் கேடு அதில் கரைந்துபோகும் என்பது ஹைட் தரப்பாரின் மறுமொழி.

இவ்வழக்கில் தீர்ப்புரைக்கும் தகுதி நமக்கில்லை. நாம் புள்ளியியல் ஓதியவர் அல்லேம். ஆயினும் இலக்கணம் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு ஒன்று புலப்படுகின்றது. வழக்காடும் இரு தரப்பாரும் 'திரைநேரம்' என்னும் ஒரே சொல்லின்மேல் நின்றுகொண்டு சண்டையிடுகின்றனர். எத்தனை மணி நேரம் என்று ஒருவர் கேட்கின்றார். அத்தனை மணி நேரத்தால் கேடில்லை என்று மற்றவர் விடை தருகின்றார். பாலைப் படியால் அளப்பது போல் திரையை மணியால் அளக்கலாம் என்ற கொள்கையில் இருவரும் ஒன்றுபட்டவர்களே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் நெடுங்காலம் வளர்ந்த பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே என்று வரையறுத்திருந்தது. 2016இல் அவ்வரம்பைத் தானே கைவிட்டது. தூரத்துப் பாட்டியின் முகத்தைத் திரையில் கண்டு மழலை பேசும் குழந்தையின் அரை மணியையும், நள்ளிரவில் போர்வைக்குள் விழித்துக் கிடக்கும் சிறுவனின் அரை மணியையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது என்பது மருத்துவர்க்கும் விளங்கிற்று போலும்.

இனி நோடெல் என்னும் ஊருக்குச் செல்வோம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளுக்கிடையே ஒரு சிற்றூர். பெயர் மறைக்கப்பட்டிருக்கின்றது, தொலைக்காட்சி இல்லாத ஊர் என்பதைக் குறிக்க நோடெல் என்று ஆய்வாளர் அழைத்தனர். காட்டுக்குள் ஒதுங்கிய ஊர் என்று எண்ணிவிட வேண்டா. சாலை உண்டு, பேருந்து உண்டு, பள்ளி உண்டு. பள்ளத்தாக்கிலே அமைந்துவிட்டதனால் தொலைக்காட்சி அலை மட்டும் எட்டவில்லை. 1973ஆம் ஆண்டின் இறுதியில் அதுவும் எட்டப்போகின்றது என்ற செய்தி வந்தது. வில்லியம்ஸ் அம்மையாரும் குழுவினரும் விரைந்து அவ்வூருக்குச் சென்றனர். அதனைப் போன்ற வேறிரண்டு ஊர்களையும் தேர்ந்துகொண்டனர். ஒன்றில் சில ஆண்டுகளாக ஒரேயோர் அலைவரிசை கிடைத்து வந்தது. அதற்கு யூனிடெல் என்று பெயரிட்டனர். மற்றதில் நெடுநாளாகப் பல அலைவரிசைகள், அது மல்டிடெல். தொலைக்காட்சி வருமுன் மூன்று ஊர்களையும் ஆராய்ந்தனர். வந்து இரண்டாண்டு கழித்து, 1975இல், மீண்டும் சென்று அதே கேள்விகளைக் கேட்டனர். இயற்கையே அமைத்துத் தந்த இத்தகைய சோதனை இனியொருமுறை கிட்டுவது அரிது. தொலைக்காட்சி எட்டாத அத்தகைய ஊரை இனி எங்கே போய்த் தேடுவது?

கண்டவை யாவை? முன்னர், ஆட்டங்களுக்கும் நடன விருந்துகளுக்கும் சங்கக் கூட்டங்களுக்கும் செல்வதில் நோடெல் ஊரார் மற்ற இரு ஊராரையும் விஞ்சி நின்றனர். பின்னர் இது குறைந்தது. இளையோரிடமும் குறைந்தது, பெரியோரிடமும் குறைந்தது. எவரும் கூட்டங்களை வெறுத்துவிடவில்லை, எவரும் தடுக்கவுமில்லை. மாலையில் வீட்டில் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவே. பள்ளித் திடலில் சிறுவரைக் கூர்ந்து நோக்கிக் குறித்துக்கொண்டவர்கள், அடிதடியும் வசைமொழியும் பெருகியதைக் கண்டனர். முன்னமே முரடராயிருந்தவரிடம் மட்டுமின்றிச் சாதுவானவரிடமும், ஆண்களிடம் மட்டுமின்றிப் பெண்பிள்ளைகளிடமும் அது பெருகியிருந்தது. ஒரு பொருளை எத்தனை வகையாகப் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது முன்பு நோடெல் பிள்ளைகளே மிகுதியான விடைகளைச் சொன்னார்கள். இரண்டாண்டு கழித்து மற்ற ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்றனர்.

வாசிப்பைப் பற்றிய அத்தியாயத்தில் நாம் நெடுநேரம் நின்றோம். தொலைக்காட்சி அறியாது வளர்ந்த நோடெல் சிறுவர் தொடக்க வகுப்புகளில் சரளமாக வாசித்தனர். தொலைக்காட்சி வந்தபின் அடுத்து வந்த வகுப்பார் அங்ஙனம் வாசிக்கவில்லை. இதற்கு நூல் தரும் விளக்கம் எளியது. ஆயினும் ஆசிரியத் தொழிலில் இருப்போர் அனைவரும் உள்ளத்தில் எழுதி வைத்துக்கொள்ளத் தக்கது. வாசிப்பு முதலில் கசக்கும். எழுத்தை எழுத்தாகக் கூட்டி, சொல்லைச் சொல்லாகத் தட்டித் தடவி, பொருள் கைவருமுன் மூச்சு வாங்கும் பருவம் ஒன்று உண்டு. அப்பருவத்தைத் தாண்டியவனுக்கு வாசிப்பே இன்பம். பிறகு எத்திரையும் அவனை முற்றிலும் பிடுங்கிக்கொண்டு போகாது. தாண்டுமுன் அருகிலே ஓர் எளிய இன்பம் காத்திருக்குமானால் அவன் தாண்டவே மாட்டான். திரை எடுத்துக்கொள்வது இந்தக் கசப்பான முதற்பகுதியை. மணிக்கணக்கில் பார்த்தால் அது மிகச் சிறிது, நாளைக்கு அரை மணி இருக்கலாம். புள்ளியியலார் 0.4 விழுக்காடு என்று எதைச் சொன்னாலும் அந்த அரை மணியின் பெறுமானம் அதில் தெரியாது.

பெரியவர்களைச் சோதித்த அத்தியாயமும் உண்டு. ஹைட் நூலைப் படித்தவர் அவசியம் படிக்கவேண்டிய பகுதி அது. நேர்வழியில் விடை கிட்டாத புதிர் ஒன்றைக் கொடுத்து, வளர்ந்தவர்கள் எவ்வாறு முயல்கின்றனர் என்று கவனித்தனர். தொலைக்காட்சி வருமுன் நோடெல் பெரியவர்கள் விரைவாக விடை கண்டனர். விடை காணாதவர்களும், கைவிடுமுன் மற்ற ஊராரைவிட நெடுநேரம் முயன்றனர். தோற்றவரின் பொறுமையையும் அளந்து பார்த்த இவ்வாய்வாளர்களை நாம் மெச்சுகின்றோம்.

ஹைட் அவர்களின் பரிகாரங்கள் நான்கும் பிள்ளைகளுக்கே உரியவை. அப்பாவின் கையிலும் ஆசிரியரின் கையிலும் இருப்பதைப் பற்றி அவர் பேசாமல் இல்லை. எட்டாம் அத்தியாயத்தில் பேசுகின்றார். தாம் இறைநம்பிக்கை இல்லாதவர் என்று சொல்லிக்கொண்டே, கூடிச் செய்யும் வழிபாடும் மௌனமும் பிறர்மேல் விரைந்து தீர்ப்பிடாமையும் மனிதனை எங்ஙனம் உயர்த்துகின்றன, கைப்பேசி வாழ்வு இவற்றை எங்ஙனம் கீழிழுக்கின்றது என்று எழுதுகின்றார். வரைபடம் குறைந்த இவ்வத்தியாயமே நூலின் சிறந்த பகுதி என்பது நம் கருத்து. அங்கே அவர் மணியை எண்ணுவதை மறந்து, எதன் இடத்தில் எது வந்தது என்று கேட்கின்றார். ஆயினும் அவ்வத்தியாயத்திலிருந்து சட்டம் எதுவும் பிறக்கவில்லை. பிறரைத் திருத்தும் சட்டம் எளிது. இவ்விடத்தில் ஓர் ஒப்புதல்: இந்நூலில் அறியாத ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் பொருள் பார்க்கக் கைப்பேசியை எடுத்த நாம், எந்தச் சொல்லுக்காக எடுத்தோம் என்பதை மறந்து நாற்பது நிமிடம் கழித்தே திரும்பினோம்.

வில்லியம்ஸ் அம்மையாரின் நூலையும் குறையற்றது என்று சொல்வதற்கில்லை. நடை வறண்டது, அட்டவணைகளுக்கிடையே மனிதர் முகம் காண்பது அரிது. ஒரே ஊர், இரண்டே ஆண்டுகள். அவ்விரண்டாண்டில் வேறு மாற்றமே அவ்வூரில் நிகழவில்லை என்று யார் உறுதி கூற வல்லார்? நம் கடற்கரையில் வாழ்ந்தோர்க்கு மற்றோர் ஐயமும் எழும். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, நெடிய குழாயின் உச்சியில் அலைவாங்கி கட்டிய ஒரே வீட்டின் முற்றத்தில் தெருவே வந்து அமர்ந்திருந்த காட்சி நம் இளமை நினைவில் உள்ளது. படத்தைக் காட்டிலும் புள்ளிகளே மிகுதி. கூரைமேல் ஏறிக் குழாயைத் திருப்புபவனுக்குக் கீழிருந்து பதின்மர் வழி சொல்வர். அங்கே திரை மனிதரைக் கூட்டிற்று. வீட்டுக்கு வீடு பெட்டி வந்த பின்னரே முற்றம் காலியாயிற்று. 2006இல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது எஞ்சிய முற்றங்களும் காலியாயின. ஆகவே ஒரு திரைக்கு எத்தனை தலைகள் என்ற கணக்கும் வேண்டும். நோடெல் நூலில் அது இல்லை. தலைக்கொரு திரையான இக்காலத்தில் அக்கணக்கு நூலாசிரியர் கண்டதைவிடக் கடுமையாகவே இருக்கும்.

இவ்வளவும் எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. அது நம் வகுப்பறையில் நிகழ்ந்தது.

அரபு மதரஸாக்களில் 'தக்ரார்' என்றொரு பழைய முறை உண்டு. ஆசிரியர் பாடம் நடத்தி எழுந்து சென்ற பிறகு மாணவர் ஐவர் அறுவர் வட்டமாக அமர்வர். அவர்களுள் ஒருவன் ஆசிரியராயிருந்து அதே பாடத்தை மீண்டும் நடத்துவான். ஏனையோர் குறுக்கிடுவர், மடக்குவர், நகைப்பர். "இந்தச் சொல்லின் ஈற்றில் ஏன் இந்த உயிர்க்குறி?" என்று ஒருவன் கேட்க, நடத்துபவன் திகைக்க, நூலைப் புரட்டி அனைவரும் தேடுவர். நாம் கற்ற நஹ்வு இலக்கணத்தில் பாதியை ஆசிரியரிடம் கற்றோம். மறுபாதியை அந்த வட்டத்தில் தோற்றுக் கற்றோம். திக்கித் திக்கிப் பேசிய தோழர் ஒருவருக்கு முறை வரும் நாளில் பாடம் இருமடங்கு நேரம் பிடிக்கும். எவரும் எழுந்து போகமாட்டோம். அவர் இன்று நன்மதிப்புப் பெற்ற சொற்பொழிவாளர்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் மதரஸாக்கள் மூடப்பட்டபோது நம் பாடங்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து மாணவர்க்கு அனுப்பினோம். வேறு வழியில்லை, அன்று அது பெரும் உதவியாகவே இருந்தது. மதரஸா மீண்டும் திறந்த பின்னரும் பதிவு தொடர வேண்டும் என்று மாணவர் கேட்டனர். மறுக்கக் காரணம் தோன்றாமல் இசைந்தோம். சில மாதங்களில் தக்ரார் வட்டம் சுருங்கிற்று. பிறகு நின்றே போயிற்று. மாலையில் ஒவ்வொருவனும் ஒரு தூணில் சாய்ந்து, செவியில் ஒலிவாங்கியைப் பொருத்தி, நம் பாடத்தையே இரண்டு முறை மூன்று முறை கேட்டுக்கொண்டிருந்தான். தேர்வில் மதிப்பெண் குறையவில்லை. படிப்பில் செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டிருந்தால் அது கூடியே இருக்கும். ஆட்ஜர்ஸ் அம்மையாரோ ஹைட் அவர்களோ அங்கு வந்து மணியை எண்ணியிருப்பின் குறை சொல்ல ஒன்றும் கண்டிரார்.

ஒரு மாணவனை அழைத்து, வட்டத்தில் ஏன் அமர்வதில்லை என்று வினவினோம். பணிவோடுதான் சொன்னான்: "ஹஜ்ரத், பதிவில் தாங்களே இருக்கிறீர்கள். அவன் தப்புத் தப்பாகச் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும்?"

அன்று நமக்கு விடை தெரியவில்லை. நோடெல் நூலைப் படித்த பிறகு சற்றுத் தெரிகின்றது. அவ்வூர் நடன விருந்துக்குச் சென்றவர் யாவரும் நல்ல நடனத்தைக் காணச் சென்றிருக்கமாட்டார். பெட்டியில் அதனினும் சிறந்த நடனம் வந்திருக்கும். போகாவிட்டால் அவரைக் காணோமே என்று நாலு பேர் கேட்டிருப்பர். பெட்டி அங்ஙனம் கேட்காது. நம் பதிவும் மாணவனைக் கேட்பதில்லை. அவன் உறங்கிவிட்டாலும் அது பாடத்தை முடித்துவிடும். தப்பாகச் சொல்லும் தோழனுக்கோ, கேட்பவன் இல்லாவிடில் பாடமே இல்லை. அவன் தப்பிதத்தைக் காண இவனுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். காட்டினால் அவன் முகம் வாடும். வாடாதபடி காட்டவும் பழக வேண்டும். இலக்கணத்தோடு சேர்த்து இதனையும் நாம் அவ்வட்டத்தில் பெற்றோம் என்பதை, வட்டம் மறைந்த பின்னரே உணர்ந்தோம்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் தக்ராரை மீண்டும் தொடங்கினோம். கைப்பேசிகளை அலமாரியில் வைத்துப் பூட்டுவதென்று முடிவாயிற்று. நம்முடையதையும் உள்ளே வைக்க வேண்டும் என்று மாணவர் கேட்டனர், வைத்தோம். முதல் நாள் நடத்தியவன் ஒரே வாக்கியத்தில் கால் மணி நேரம் சிக்கிக்கொண்டான். கேட்டிருந்தவர்களில் இருவரின் கை தம்மை அறியாமலே சட்டைப் பைக்குச் சென்று திரும்பியதைக் கண்டோம். இப்போது வாரத்தில் மூன்று மாலைகள் வட்டம் கூடுகின்றது. சில நாள் எட்டுப் பேர், சில நாள் இருவர். ஊருக்குச் சென்று பாடம் தவறவிட்டவர்களுக்காகப் பழைய பதிவுகளை நாம் இன்னும் அழிக்காமலே வைத்திருக்கின்றோம்.